கையில் இரும்பு, தலையில் கம்பி

என் ரத்தமே, சாமு கண்ணு,

திங்கட்கிழமை காலையில் உன் மகள் மண்டையோட்டில் ஓட்டை போட்டு உள்ளே கம்பி இறக்கினார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. ஆனாலும் கேட்டது. மோட்டார் கம்பி விற்றுப் பிழைக்கிறவள் நான். டிரில் எதில் இறங்கினால் எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தெரிந்த கெட்ட வார்த்தையையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உன் சம்சாரம் லீலா ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

பதறாதே. ஜென்சி நன்றாக இருக்கிறாள். தலை முழுக்கக் கட்டோடு, ஆஸ்பத்திரி கேன்டீன் சட்னி தண்ணியாக இருக்கிறது என்று சண்டை போடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள்.

உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும், எழுந்துவிடுவேன். இப்போது எழுதச் சொன்னது ஜென்சிதான். "அப்பாவுக்கு எழுதுங்க அத்தை. ஆனா ஊரே படிக்கற மாதிரி எழுதுங்க. அவரு ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சு என்ன ஆவப் போவுது?" என்றாள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், கோவிச்சுக்காதே.

நீ எப்படிச் செத்தாய் என்று உனக்குத் தெரியுமா சாமு? வலிப்பு வந்து எழுந்தால் உனக்குக் கொஞ்ச நேரம் பேர்கூட ஞாபகம் இருக்காது. கண் திறந்திருக்கும், கால் நடக்கும், ஆள் உள்ளே இருக்க மாட்டான். நீ செத்த காலை நேரமும் அப்படியே உனக்குத் தெரியாமல் போயிருக்கட்டும் என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டாரா என்று தெரியவில்லை.

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில் போர்வெல் மோட்டார் எரிந்துபோய்விட்டது, உள்ளே இருக்கிற பழைய செம்புக் கம்பியைக் கழற்றி எடுத்து வா என்று அனுப்பியிருந்தேன். பஸ் இறங்கிக் குறுக்கு வழியில் பக்கத்துத் தென்னந்தோப்பு வழியாகப் போயிருக்கிறாய். அங்கே விழுந்தாய். மரம் ஏறிக் காய் போட்டுக்கொண்டிருந்த மாரிமுத்து அண்ணன் மேலிருந்து பார்த்துவிட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறார். நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடு. சாவிக்கொத்தைக் கொடு, இல்லாவிட்டால் கரண்டியைக் கொடு. அவர் இடுப்பில் இருந்தது அருவாள். அதை உன் விரலுக்குள் திணித்து மூடிவிட்டு, தண்ணிக்கும் வண்டிக்கும் ரோட்டுக்கு ஓடினார்.

அதற்கு முந்தைய ராத்திரிகளில் யானை இறங்கி அந்தத் தோப்பில் மரங்களைச் சாய்த்துப் போட்டிருந்தது. தோப்புக்காரர்கள் தூக்கமில்லாமல் கண் சிவந்து, கையில் தடியோடு கிடந்தார்கள். யானையிடம் காட்ட முடியாத கோபம் முழுக்க அவர்களிடம் மிச்சம் இருந்தது. அப்போதுதான் நீ எழுந்து, கையில் அருவாளோடு, அவர்கள் வீட்டுப் பெண்கள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த வாசலைப் பார்த்து நடந்தாய்.

யாரு, எந்த ஊரு, யாரு மவன் என்று கேட்டிருக்கிறார்கள். உன்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் ஒருத்தன் உன்னை அடையாளம் கண்டுகொண்டு, காலனிக்காரன் என்று கத்தினான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. தென்னை மட்டையால் அடித்தார்கள். பைப்பால் அடித்தார்கள். பம்ப் ரூம் தூணில் கட்டி வைத்து அடித்தார்கள். உன் கை அருவாளை விடவில்லையாம். வலிப்பு இறுக்கின விரல், எப்படி விடும்? விடாததற்காக இன்னும் அடித்தார்கள். மாரிமுத்து அண்ணன் சொம்புத் தண்ணியோடு திரும்பி வந்து, "அது நோவுங்க, நோவு வந்த பையனுங்க" என்று கத்திக்கொண்டு நடுவில் விழுந்தார். அவர் தோளும் உடைந்தது.

உன் மண்டை வீங்கி முகமே மாறிப்போயிருந்தது. சட்டைப் பொத்தானை வைத்துத்தான் உன்னை அடையாளம் சொன்னேன். அந்தப் பொத்தான் நான் தைத்தது.

கேஸ் நடந்தது. சாட்சி சொன்னவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். கூட்டமா நின்னாங்க, கூட்டமா அடிச்சாங்க, யாருன்னு சொல்ல முடியாதுங்க. அடித்தவர்கள் எல்லாரும் விடுதலையாகி வெளியே வந்துவிட்டார்கள். கோர்ட்டு வாசலில் நின்று நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு கூட்டம் தானாக அடிக்காது. எவனோ ஒருத்தன் முதலில் கை ஓங்கியிருக்கிறான். அவன் யார்? எனக்கு இன்றைக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

மாரிமுத்து அண்ணன் உன் அடக்கத்துக்குத் தோளில் கட்டோடு வந்தார். "உசுரு நிக்கட்டும்னுதானுங்க அம்மணி இரும்பக் குடுத்தேன்" என்றார். கல்லறை மண்ணை அள்ளி அவர் மூஞ்சியில் அடித்தேன். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். அதற்குப் பிறகு அவரை எங்கே பார்த்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சரி, இப்போது கம்பி எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

உன் காலத்தில் நான் எரிந்த மோட்டாரின் பழைய செம்பு வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். இப்போது ஆவாரம்பாளையத்தில் சொந்தக் கடை. எந்தச் சன்னக் கம்பி வேண்டுமானாலும் எஸ்தர் அக்காவிடம் கேள் என்கிறார்கள். பட்டறைக்காரர்கள் வருவார்கள், நகைக்காரர்கள் வருவார்கள். ஒரு நாள் ரம்யா என்று ஒரு பெண் வந்தாள். சென்னிமலைக்காரி, இங்கே ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். டங்ஸ்டன் கம்பி, தலைமுடியைவிட மெலிசாக வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். மூளைக்குள் வைத்து, அங்கே இருக்கிற செல்கள் பேசுவதைக் கேட்பதற்கு என்றாள்.

கடையை விட்டு வெளியே போடி என்று சொல்லப் பார்த்தேன். ஆனால் வியாபாரி அல்லவா, வாய் விலை சொல்லிவிட்டது.

அப்புறம் அடிக்கடி வந்தாள். வந்தால் பேரம் பேசுவாள், டீ குடிப்பாள், கம்பியைத் திட்டுவாள். நல்ல சரக்குத்தானே கொடுக்கிறேன், என் கம்பியை ஏன் திட்டுகிறாய் என்று ஒரு நாள் சண்டைக்குப் போனேன். லேபுக்கு வந்து பாருங்க அக்கா என்று கூட்டிப் போனாள்.

அங்கே எலி. மண்டையில் கம்பி பொருத்தின எலி. அதற்குச் சோறு போட்டு, மயக்கம் கொடுத்துத்தான் எல்லாம் செய்கிறார்கள், பார்த்தேன். கம்பியை ஸ்பீக்கரில் இணைத்துக் காட்டினாள். பட், பட்பட் என்று கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். ஒரே ஒரு நியூரான், அதாவது மூளையில் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு செல், பேசுகிறதாம். கூட்டத்தில் ஒருத்தன் குரலைத் தனியாகப் பிடிக்கிற மாதிரி.

இன்னொரு எலியைக் காட்டினாள். அதற்குக் கம்பி வைத்து ரொம்ப நாளாகிவிட்டது. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். என்னாச்சு என்றேன். அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மூளை என்பது இளநீர் வழுக்கை மாதிரி. ஒவ்வொரு மூச்சுக்கும், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மண்டைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். வழுக்கைக்குள் ஊசியைக் குத்தி, ஊசி அசையாமல் மண்டையோட்டில் கட்டிவிட்டால் என்ன ஆகும்? வழுக்கை ஆடும், ஊசி ஆடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது அறுக்கும். குத்தும்போதே சின்ன ரத்தக் குழாய்களைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது. மூளை சும்மா இருக்குமா? எவனோ கத்தியோடு உள்ளே வந்துவிட்டான் என்று ஆள் சேர்த்துக்கொண்டு சுற்றி வளைக்கும். தழும்பால் சுவர் கட்டும். பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லும் அந்தச் சண்டையில் சாகும். கடைசியில் கம்பி செவிடாகிவிடும்.

கையில் இரும்போடு தெரியாத இடத்துக்குள் நுழைந்தவனை நாலா பக்கமும் சூழ்ந்துகொள்கிற கூட்டம். எனக்கு அது எலியின் தலை இல்லை சாமு. எனக்கு அது தொண்டாமுத்தூர்த் தோப்பு.

"அப்பறம் எதுக்குடி குத்தற?" என்று கத்திவிட்டேன்.

"குத்தாம கேக்க முடியலீங்க்கா. அதனால வலிக்காம குத்தப் பாக்கறேன்" என்றாள்.

அதுதான் அவள் வேலை. விறைப்பான கம்பியை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் இழை ஒன்றில் தங்கக் கோடு ஓட்டி, மூளையோடு சேர்ந்து ஆடுகிற மாதிரி மெத்தென்று செய்கிறாள். நுனியில் ஒரு பூச்சு பூசிச் சொரசொரப்பாக ஆக்குகிறாள்; அப்போதுதான் சின்னப் பேச்சும் கேட்குமாம். ஆனால் மெத்தென்ற நூலை எப்படி உள்ளே செருகுவது? வளைந்துகொள்ளாதா? அதற்குக் கரைந்துபோகிற பசை ஒன்று பூசி விறைப்பாக்குகிறாள். உள்ளே போனதும் மூளையின் ஈரத்தில் பசை கரைந்து, நூல் மட்டும் நிற்கும். "எங்கூர்ல பாவு நூலுக்குக் கஞ்சி போடறமே, அதேதானுங்க்கா. நெய்யற வரைக்கும் விறைப்பு, அலசினா போயிரும்" என்று சிரித்தாள். போர்வை நெய்கிற ஊரில் பிறந்தவளுக்குக் கஞ்சி கை வந்த விஷயம்தானே. அன்றிலிருந்து அவள் கேட்கிற சரக்கு எந்த நாட்டில் இருந்தாலும் வரவழைத்துக் கொடுக்கிறேன். லாபம் வைத்துத்தான் கொடுக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் எலிக்கு நடக்கிறது, நமக்கென்ன என்றுதான் இருந்தேன். அதற்குள் உன் மகளுக்கு உன் நோய் வந்தது.

வயசுக்கு வந்த பிறகு ஆரம்பித்தது. மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்தோம், கட்டுப்படவில்லை. பி.காம் முடித்து நம் கடைக் கணக்கைப் பார்க்கிறாள், கெட்டிக்காரி. போன மழைக்காலத்தில் அடுப்படியில் விழுந்தாள். கொதிக்கிற சாம்பார்ச் சட்டி அவள் மேல் கவிழ்ந்தது. இடது கை முழங்கை வரைக்கும் தோல் கழன்று வந்தது. நான்தான் தூக்கினேன். தோல் என் கையில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு மனசுக்குள் ஒரே ஓட்டம்தான்: இவள் அடுப்பில் சாவாளா, ரோட்டில் சாவாளா, இல்லை எவன் தோப்பிலாவது சாவாளா?

பெரிய டாக்டர் சொன்னார். வலிப்பு என்பது மூளையில் ஒரு இடத்தில் கொஞ்சம் செல்கள் வெறி பிடித்துக் கத்த ஆரம்பிப்பது. பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து கத்தும். கடைசியில் மொத்த மூளையும் ஒரே தாளத்தில் அடிக்கும். ஆரம்பிக்கிற இடம் தெரிந்தால் அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஸ்கேனில் தெரியவில்லை. உள்ளே எலக்ட்ரோடு என்கிற கம்பியை இறக்கித்தான் பார்க்கணும். கூடவே, அதன் நுனியில் தலைமுடி மாதிரி சன்னக் கம்பிகள் வைத்துக்கொள்ள முடியும், செல் செல்லாகக் கேட்கலாம், ஆராய்ச்சிக்கும் உதவும், சம்மதமா என்றார்.

நான் மாட்டேன் என்றேன். கம்பி உள்ளே போய் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவள் நான். ரம்யாவின் மெத்தென்ற நூல் மனுஷத் தலைக்குப் போக இன்னும் வருஷக் கணக்காகும். இவர்கள் வைப்பது பழைய விறைப்பு ரகம்தான். கொஞ்ச நாளில் எடுத்துவிடுவார்கள், அதற்குள் பெரிசாகத் தழும்பு கட்டாது என்று ரம்யாவே போனில் சொன்னாள். அப்போதும் நான் அசையவில்லை. லீலா, மகள் எது சொன்னாலும் சரி என்றாள்.

ஜென்சி என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். தழும்பு ஏறின கையைக் காட்டவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எங்கப்பாவ அடிச்ச கூட்டத்துல மொதல்ல கை ஓங்கினவன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாமயே போச்சுங்க அத்தை. என் தலைக்குள்ள இருக்கறவன் யாருன்னாவது தெரியட்டும்."

கையெழுத்து போட்டுவிட்டு வந்தேன். தலையை மழித்தபோது, பழனிக்குப் போகாமலே மொட்டை போட்டுவிட்டேன், பாதர் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்லணும் என்று என்னைக் கிண்டல் பண்ணினாள். உன் வாய் அப்படியே.

அப்புறம் நடந்ததுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது.

கம்பி வைத்துவிட்டு மாத்திரையைக் குறைத்தார்கள். வலிப்பு வந்தால்தானே ஆரம்பம் பிடிபடும்? வராதே வராதே என்று இத்தனை வருஷம் கும்பிட்ட நோயை, வா என்று சொல்லிக் காத்திருந்தோம். அதைவிடக் கொடுமை எதுவும் எனக்குத் தெரியாது. தலையிலிருந்து வயர் கற்றையாக இறங்கி மெஷினுக்குப் போகிறது. அதை யாரும் தொடக்கூடாது, வயர் ஆடினால் பதிவு கெட்டுவிடும், பிடுங்கினால் ஆபத்து என்று டெக்னீஷியன் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் வெள்ளகோவில்காரர் ஒருவரின் சம்சாரம், அதே நோய்க்குத்தான். அந்தப் பெரியவர் நல்ல மனுஷன்; ஜென்சிக்கு முறுக்கு கொடுப்பார், என்னிடம் நூல் மில் கதை பேசுவார்.

புதன்கிழமை மத்தியானம் வலிப்பு வந்தது. ஜென்சி ஏதோ சொல்ல வந்தவள் வாயை அப்படியே நிறுத்தினாள். கண் ஒரு பக்கமாகப் போனது. உடம்பு வில்லாக வளைந்து கட்டில் சட்டத்தில் மோதியது. பல்லுக்கு நடுவில் ரத்தம். நர்ஸ் ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்கவைக்கிறாள். அந்த நேரத்தில் வெள்ளகோவில் பெரியவர் பாய்ந்து வந்து, தன் சாவிக்கொத்தை எடுத்து ஜென்சி விரலுக்குள் திணித்தார்.

இரும்பு. அவள் கையில் இரும்பு.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை சாமு. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தேன். கண்ணாடி பறந்தது. இன்னொன்று அறைந்தேன், உதடு கிழிந்தது. மூன்றாவதுக்குக் கையை ஓங்கினபோது டெக்னீஷியன் அம்மா, "கேபிள மிதிக்கறீங்க!" என்று அலறினாள். குனிந்து பார்த்தேன். உன் மகள் தலையிலிருந்து வருகிற கற்றை என் செருப்புக்கு அடியில் இருந்தது. இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் நானே அதைப் பிடுங்கியிருப்பேன்.

காலை எடுத்தேன். அவர் சண்டை போடவில்லை. கீழே உட்கார்ந்து கண்ணாடியைத் தடவித் தேடிக்கொண்டே, வேட்டி நுனியால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, கேட்டுப்போட்டு அடிச்சிருக்கலாமில்லீங்க? உசுரு நிக்கட்டும்னுதானுங்க குடுத்தேன்."

மாரிமுத்து அண்ணன் சொன்ன அதே வார்த்தை. உசுரு நிக்கட்டும்னு.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதலில் கை ஓங்கினவன் யார் என்று இத்தனை வருஷமாக ஊர் ஊராகக் கேட்டேனே. அன்றைக்கு அந்த வார்டில் முதலில் கை ஓங்கினவள் என் செருப்பைத்தான் போட்டிருந்தாள்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடி நான் போட்டுத் தருகிறேன் என்றேன். "கண்ணாடி கெடக்குதுங்க. பாப்பாவுக்குக் கை இறுக்கம் எறங்கிருச்சான்னு பாருங்க" என்றார். இந்த ஊரில் அடி வாங்கினவனும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறான். அடிக்கிற நேரத்தில் மட்டும் அது நமக்கு எங்கே போய்விடுகிறது?

சாயங்காலம் வரைக்கும் உயிர் என்னிடம் இல்லை. நான் மிதித்ததில் பதிவு போய்விட்டதா, மறுபடியும் இன்னொரு வலிப்புக்கு அவள் காத்துக்கிடக்கணுமா என்று. டாக்டர் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். நீங்கள் மிதித்த இடம் இது என்றார்; காட்டுத்தனமாகக் கிறுக்கியிருந்தது. வெட்கத்தில் தலை குனிந்தேன். ஆனால் விரலைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனார். ஜென்சி வாயை நிறுத்தியதற்கு முன்னால். அவளுக்கே தெரிவதற்கு முன்னால். எல்லாக் கோடும் சும்மா இருக்கும்போது, ஒரே ஒரு சன்னக் கம்பியில் ஒரு செல் படபடவென்று பொரிகிறது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. பெரிய எலக்ட்ரோடிலும் அதே இடத்தில்தான் ஆரம்பம். அப்புறம்தான் கூட்டம் சேர்கிறது. காதுக்கு மேல், உள்ளே, மொச்சைக்கொட்டை அளவு இடம்.

"இவன்தான்" என்றேன் நான். டாக்டருக்குப் புரியவில்லை. ஜென்சிக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் அதை வெட்டி எடுக்கிறார்கள். நின்றுவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்று டாக்டர் நேராகவே சொன்னார். சரக்குக்கு உத்தரவாதம் தராத வியாபாரியை எனக்குப் பிடிக்கும். அவன்தான் ஏமாற்ற மாட்டான்.

உன்னை அடித்தவர்களை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. என் ஆத்திரம் ஒரு சாவியைப் பார்த்து. அவர்களுடையது ஒரு பேரைக் கேட்டு. காலனிக்காரன் என்ற பேர். இரண்டும் ஒன்றில்லை. அவர்கள் எந்த ரோட்டில் எதிரே வந்தாலும் நான் நின்று அவர்கள் முகத்தைப் பார்ப்பேன், அவர்கள்தான் திரும்பிக்கொள்ளணும். ஆனால் மாரிமுத்து அண்ணன் விஷயம் வேறு. அவர் அன்றோடு மரம் ஏறுவதை விட்டுவிட்டாராம். அருவாளைத் தொடுவதே இல்லையாம். தோள் இன்னும் முழுசாக நிமிரவில்லையாம். அந்தத் தோப்பில் உனக்காக அடி வாங்கினவர் அவர் ஒருத்தர்தான். அவர் முகத்தில் மண்ணை அடித்தது நான்.

படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். கையில் எதையும் கொடுக்காதீர்கள். எழுந்து நடக்கிறபோது அவர் கை காலியாக இருக்கட்டும்.

சாமு, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஜென்சி தலைக்கட்டு பிரித்த மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு மாரிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போவேன். கதவைத் திறக்காவிட்டால் வெளியிலேயே நிற்பேன். திறந்தால், என்னை அடிக்கணும் போலிருந்தால் அடிக்கட்டும், கேட்காமலே அடிக்கட்டும். அப்புறம் அவருடைய அந்த உடைந்த தோளுக்குக் கீழே தொங்குகிற கையை எடுத்து, உன் மகளின் காலிக் கையில் வைப்பேன்.

பொத்தான் தைத்த கையாலேயே இதை எழுதுகிற,
உன்கூடப் பிறந்த அக்கா எஸ்தர்